நூற்றுக்குத் தொண்ணூற்றாறு

பேராசிரியர் எரிபெர்தோ எண்ணைச் சொன்னதும் யோக்காஸ்தா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து மிர்லாந்தைக் கட்டிப்பிடித்தாள்.

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

அந்த எண்ணுக்காகத்தான் இரண்டு பெண்களும் மழைக்காலம் முழுக்கக் கண் எரியப் படித்திருந்தார்கள். தொமினிக்கக் குடியரசின் தலைநகரான சாந்தோ தொமிங்கோவின் பல்கலைக்கழகம் ஒன்றில், மொழியியல் துறையில், ஆளுக்கொரு அறையில், ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாமல்.

வேலை இதுதான். ஹைட்டியிலிருந்து எல்லை தாண்டி வருகிறவர்களைப் பற்றி தொமினிக்கத் தலைவர்கள் பேசியதை வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்த வாக்கியங்களில் தலைவரின் பெயரை மறைத்துக் கொடுப்பார்கள். சொன்னவரிடம் இருப்பது பகையா, பரிவா, நடுநிலையா என்று வாசகர் குறிக்க வேண்டும்.

நூற்றில் எத்தனைக்கு இருவரும் ஒரே மாதிரி குறித்தார்கள் என்பதுதான் அந்த எண். போதிய அளவு ஒத்துப்போனால் ஆய்வு செல்லும். ஒத்துப்போகாவிட்டால், ஒப்பந்தத்தில் இருக்கும் வாசகரை மாற்றிவிடுவார்கள்.

ஒப்பந்தத்தில் இருந்தவள் மிர்லாந்து. அவளும் மொழியியல் படித்தவள்தான், ஆனால் ஹைட்டிக்காரி. வேலை போனால் விசா போகும். விசா போனால், ஆளைப் பிடித்து எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பும் குடியேற்ற அதிகாரிகளின் லாரி எந்தத் தெருமுனையிலும் நிற்கும்.

தொமினிக்கக்காரியான, துறையில் நிரந்தர வேலையில் இருந்த யோக்காஸ்தாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் துறையில் சண்டை போட்டு அவளைச் சேர்த்திருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பெருமை.

அன்னாசி வைத்த கேக்கை வெட்டினார்கள். பேராசிரியர் வாய் நிறைய க்ரீமோடு பேசினார். கேக் இருக்கும் இடத்தில் அவர் வேறு மாதிரி பேசி யாரும் பார்த்ததில்லை.

“ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். ஆனா பார்வை ஒண்ணு! உங்க ரெண்டு பேர் பேரையும் போட்டு இதைப் பத்திரிகைக்கே குடுத்துடலாம்.”

காகிதத்தைப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார். ‘லாரி லாரியாக வருகிறார்கள், லாரி லாரியாகத் திருப்பி அனுப்புவோம் என்றார் அந்தத் தலைவர்.’

“இதுவுமா நடுநிலை? ரெண்டு பேருமே அப்படித்தான் போட்டிருக்கீங்க.”

“அது வெறும் கணக்குதானே சார்,” என்றாள் யோக்காஸ்தா. “வர்றதையும் போறதையும் சொல்றார், அவ்வளவுதான். ஏன், இவளே போட்டிருக்காளே! நீயே சொல்லுடி.”

“ஆமா சார்,” என்றாள் மிர்லாந்து. “கணக்குதான்.”

பேராசிரியருக்குத் திருப்தி. அடுத்த துண்டை எடுத்துக்கொண்டார்.

தட்டு கழுவும் இடத்தில் இரண்டு பேரும் தனியாக நின்றார்கள். மிர்லாந்து கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“என் பேரை மட்டும் பத்திரிகைக்குக் குடுக்க வேண்டாம்னு சார்கிட்ட சொல்றீங்களா?”

“ஏண்டி? பயமா? இதுல பெருமைப்பட என்ன குறைச்சல்?”

“எங்க ஆளுங்க படிப்பாங்க.” குழாயை மூடினாள். “நான் என் மனசுல பட்டதைப் போடல. ஒவ்வொண்ணுக்கும் நீங்க என்ன போடுவீங்கன்னு யோசிச்சுப் போட்டேன். எனக்கு வேலை வேணுமில்ல.”

அவள் குறை சொல்கிற மாதிரி சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

யோக்காஸ்தாவுக்கு முகம் சுட்டது. இத்தனை நாளும் அறைக்குள் தனியாக உட்கார்ந்து, யாருக்கும் தெரியாது என்று தான் போட்ட ஒவ்வொரு குறியையும், அடுத்த அறையில் ஒருத்தி முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்திருக்கிறாள். அவளையே சற்று முன் சாட்சிக்கு வேறு இழுத்தாயிற்று. இவளே போட்டிருக்காளே என்று, எவ்வளவு சத்தமாக.

வெட்கம் பிடுங்கித் தின்றது. பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னால் மிர்லாந்துக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் இந்தத் தொண்ணூற்றாறு அச்சில் ஏறும். கழுவிய தட்டையே எடுத்து மறுபடியும் கழுவினாள்.

ஒரு நப்பாசை மட்டும் மிச்சமிருந்தது.

“அந்த மீதி நாலு சதவீதம்... அங்கயாவது உன் மனசுல இருந்ததைப் போட்டியா?”

“இல்ல. அங்க என் கணிப்பு தப்பிடுச்சு.” மிர்லாந்து கையைத் துடைத்துக்கொண்டாள். “பிரசவ வலியோட எல்லை தாண்டி வர்றவளை ஆஸ்பத்திரி வாசல்லயே பிடிக்கணும்னு ஒருத்தர் சொல்லியிருந்தாரில்ல? நீங்களும் ரெண்டு பெத்தவங்க. அதுக்குப் பகைன்னுதான் போடுவீங்கன்னு நெனச்சேன்.”

அப்படி ஒரு வாக்கியத்தைப் படித்ததாகவே யோக்காஸ்தாவுக்கு நினைவில்லை.