கடைசி வரிசை போன்

“சார், அந்த போனைக் கொஞ்சம் இப்படிக் குடுங்க.”

ஷாஜியா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கடைசி வரிசையில் இருந்த கலைச்செல்வன், காதில் மாட்டிய ஒயரைக் கழற்றாமலேயே நிமிர்ந்து பார்த்தார்.

“ஒரு பத்து நிமிஷம் மேடம். பாதியில நிக்குது.”

“காலையிலேர்ந்து பாதியிலதான் நிக்குது. நானும் பாத்துக்கினுதான் இருக்கேன்.”

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. உத்திரமேரூர் கல்யாண மண்டபம் ஒன்றில் நாற்பது ஆசிரியர்களுக்கு அன்று பயிற்சி. ‘ஆன்லைனில் பாடம் நடத்துவது எப்படி?’ என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். நடத்துவது ஒரு தனியார் அறக்கட்டளை. பத்து மணிக்குக் கையெழுத்து, பதினொன்றுக்கு டீயும் போண்டாவும், நாலரைக்குச் சான்றிதழ். நடுவில் நடப்பதை இந்த மாதிரி பயிற்சிகளில் யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

பயிற்சியாளர் ஷாஜியாவுக்கு இதுதான் முதல் பயிற்சி. அறக்கட்டளை மேலாளர் வேதாசலம் காலையிலேயே சொல்லிவிட்டார். “இன்னைக்கு இவங்க கவனிச்சிக் கேட்டாங்கன்னா வேலை உங்களுக்குத்தாம்மா. இல்லன்னா வேற ஆளைப் பாக்கணும். தப்பா நெனச்சிக்காதீங்க.” சொன்னதோடு விடாமல் முதல் வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தும் விட்டார்.

பாதிப் பேர் கொட்டாவி விட்டதைக்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. இந்தக் கலைச்செல்வனைத்தான் பொறுக்க முடியவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, ஒயரில் தொங்கிய குட்டி மைக்கில் கிசுகிசுக்கிறார். தானாகச் சிரிக்கிறார். திடீரென்று போனுக்கு முன்னால் மூன்று விரலைக் காட்டுகிறார். காலையில் எல்லோரும் அறிமுகம் செய்துகொண்டபோதும், “கலைச்செல்வன். செய்யாத்தோரம் சின்ன ஸ்கூலு. ரெண்டே டீச்சருங்கதான். ஏஞ்சல் டீச்சர் பிரசவ லீவுல கீறாங்க” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மறுபடி மடியில் குனிந்துகொண்டார்.

“வூட்டுக்காரம்மா வீடியோ கால் போல மேடம்” என்று பக்கத்து நாற்காலி பிரபா டீச்சர் கண்ணைச் சிமிட்டினாள்.

“நாலரைக்கு வாங்கிக்குங்க சார்” என்றாள் ஷாஜியா.

கலைச்செல்வன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதல் வரிசையில் வேதாசலம் திரும்பிப் பார்ப்பதைக் கண்டதும் அடக்கிக்கொண்டார். “கட் மட்டும் பண்ணிடாதீங்க மேடம்” என்று ஒயரோடு போனைக் கொடுத்தார்.

“அதுவரைக்கும் அவங்க லைன்லயே காத்துக்கினு இருப்பாங்களா?”

மறுபடியும் சிரிப்பு. ஷாஜியா போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். ஒயர் மேஜை விளிம்பில் சுருண்டு கிடந்தது. மணி மூன்று.

“இப்ப ஒரு மாதிரி வகுப்பு நடத்திக் காட்டப்போறேன். கிராமத்துல சிக்னல் சரியா இருக்காது. முகம் தெரியாது, குரல் மட்டும்தான் போவும். குரல்லயே பின்னம் சொல்லிக் குடுக்கணும். நீங்கதான் பசங்க. ஆளுக்கு ஒரு பேப்பர் எடுங்க, கண்ணுங்களா!”

கண்ணுகளில் ஒருவர் பேப்பரில் போண்டா எண்ணெயைத் துடைத்தார். இன்னொருவர் விசிறிக்கொண்டார்.

ஷாஜியா விடவில்லை. “நடுவுல ஒரு மடி மடிங்க. அரை வந்திச்சா? அதையே இன்னொரு மடி. இப்ப கால். சத்துணவு முட்டையைப் பாதியா வெட்டி, அந்தப் பாதியையும் பாதியாக்குனா எப்படியோ, அப்படி. இன்னும் ஒரு மடி மடிச்சா எட்டு கட்டம். இப்ப சொல்லுங்க, நாலாவது வாட்டி மடிச்சா எத்தனை கட்டம்?”

பதில் இல்லை.

“சும்மா சொல்லுங்க. தப்பா சொன்னாலும் நான் திட்ட மாட்டேன்.”

ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். கலைச்செல்வன் மட்டும் மேஜைமேல் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷாஜியா அடுத்த கேள்விக்குப் போனாள். அதற்கும் அடுத்ததற்குப் போனாள். கேட்பது யாரென்று தெரியாமலேயே ஒன்றரை மணி நேரம் அலுக்காமல் நடத்தி, கடைசியில் அந்த நாலாவது மடிப்புக் கேள்வியையே மறுபடி கேட்டு முடித்தாள்.

நாலரைக்கு வேதாசலம் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து வந்தார். “நல்லாத்தாம்மா நடத்துனீங்க. ஆனா ஒரு ஆளுகூட பதில் சொல்லலியே. நான் இன்னா எழுதறது?”

ஷாஜியாவுக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மேஜையில் கிடந்த காகிதங்களை அடுக்கினாள்.

அதற்குள் கலைச்செல்வன் ஓடி வந்து போனை எடுத்தார். எடுத்த வேகத்தில் ஒயர் மேஜை ஆணியில் மாட்டி, போனிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

“பதினாறு! பதினாறு டீச்சர்!” என்று போனுக்குள்ளிருந்து ஒரு கூட்டமே கத்தியது.

ஷாஜியா எட்டிப் பார்த்தாள். திரையில் ஒரு வகுப்பறை. தரையில் இருபது பிள்ளைகள். எல்லோர் கையிலும் மடித்த பேப்பர்.

“சார், அப்பத்துலேர்ந்து சொல்லிக்கினே கீறோம், அந்த டீச்சருக்குக் கேக்கவே மாட்டேங்குது!” என்றாள் முன்னால் இருந்த ஒரு சிறுமி.

கலைச்செல்வன் வேதாசலத்தைப் பார்த்து நெளிந்தார். “ஏஞ்சல் டீச்சர் லீவு சார். நானும் இங்க வந்துட்டா பசங்களுக்கு யாரு? அதான் சமைக்கிற அக்கா போன்ல காலையிலேர்ந்து நானே...”

வேதாசலம் மூடிய நோட்டைத் திறந்தார்.

திரையில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி ஒரு பெண் வந்து நின்றாள். “சார், நான் சத்துணவு முனியம்மா பேசறேன். மணி அடிச்சி அர மணி நேரமாச்சி, ஒண்ணுகூட எய்ந்து வூட்டுக்குப் போவ மாட்டேங்குது. நாளைக்கும் இந்த டீச்சரே நடத்துவாங்களான்னு கேக்குதுங்க, இன்னா சொல்ல?”