இரண்டாம் பக்கத்தைத் தாண்டாத உரை

பேராசிரியர் வேலைக்காக மனைவி ஆற்றிய உரையைக் கணவன் கடைசி வரிசையிலிருந்து கேட்டான். போட்டி நிறுவனத்தை ஒரு பெரிய நிறுவனம் விலைக்கு வாங்குவதைச் சட்டம் எப்போது தடுக்க வேண்டும் என்று தொடங்கியதுமே பொருளாதாரத் துறையினர் பாய்ந்துவிட்டார்கள். நேரம் முழுக்க வாக்குவாதம். திரையில் இரண்டாம் பக்கத்தைத் தாண்ட அவளால் முடியவில்லை.

"எங்க வீட்டுச் சொத்துத் தகராறுலகூட இவ்வளவு சத்தம் இல்லம்மா," என்றான் கேன்டீனில். "விடு. நேத்து சட்டத்துறை வேலைக்கு இதையே பேசினப்ப எல்லாரும் அமைதியா கேட்டுக் கைதட்டினாங்க. அந்த வேலை உனக்குத்தான்."

"அவங்க காலையிலேயே வேண்டாம்னு சொல்லிட்டாங்க."



பொருளாதாரத் துறையினரில் அதிகமாகக் கத்திய தாடிக்காரர் ஒருவர் அவளைத் தேடி வந்தார்.

"நீங்க சொன்னதுல பாதி தப்புன்னுதான் இன்னும் நினைக்கிறேன்," என்றார். "ஆனா உங்களைத்தான் எடுக்கணும்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. வந்து சேருங்க, தினமும் சண்டை போடலாம்."