நாற்காலிக்கு ஒரு வணக்கம்

"பிரசவ வார்டை மூடினதால ஒரு தாய்கூட அவதிப்படலை," என்கிறார் அமைச்சர், தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு. உயர்ந்த நாற்காலியில் துணைச் சபாநாயகர் இஸோபெல் அசையாமல் இருக்கிறாள். மூடியது அவள் தொகுதி ஆஸ்பத்திரியின் வார்டை. ஆம்புலன்சிலேயே குழந்தையைப் பறிகொடுத்தவளின் கடிதம் அவள் மடியில் கிடக்கிறது. ஆனால் அந்த நாற்காலியில் இருப்பவர் விவாதத்தில் பேசக் கூடாது. பக்கத்துத் தொகுதி உறுப்பினர் டெஸ்மண்ட் கைத்தடியை ஊன்றி எழுகிறார். "பொய்! அமைச்சர் வாயில வர்றதெல்லாம் பொய்!" அவை இரைகிறது. "அவையில சொல்லக் கூடாத வார்த்தை அது. உறுப்பினர் வாபஸ் வாங்கணும்," என்கிறாள் இஸோபெல். "அவதிப்படுறது உங்க ஊருப் பொண்ணுங்கம்மா. உங்களுக்கே தெரியுமே!" "வாபஸ் வாங்குங்க. இல்லேன்னா வெளியே போங்க." அவர் போகிறார். கைத்தடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. வாசலில் நின்று திரும்பி, வெளியேறும் எல்லோரையும் போலவே, அவள் நாற்காலியை நோக்கித் தலை வணங்குகிறார். இஸோபெல் கடிதத்தின் மேல் கையை வைத்துக்கொள்கிறாள். "அமைச்சர் தொடரலாம்."