ஏழாம் நம்பர் மலை

கந்தப்பளைக்கு மேலே, ஏழாம் நம்பர் மலையைத் தோண்டி விடுதி கட்டத் தேயிலைத் தோட்ட நிர்வாகம் அனுமதி கேட்டிருந்தது. அங்கே தானாக வளர்ந்திருந்த காட்டின் மரம், மண், நீர் எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட அரசு அதிகாரி நிலக்ஷி வந்தாள். கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணு, கேட்காமலே வழிகாட்ட வந்து நின்றாள்.

மூன்று நாளில் கணக்கு முடிந்தது.

"பயப்படாதீங்கம்மா. விடுதியை விட இந்தக் காட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். வெட்ட விடமாட்டாங்க."

"தோண்டவும் மாட்டாங்களா மிஸ்?"

"மண்ணைத் தொடவே முடியாது."

அம்மாக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினெட்டு வருஷமா இங்க ஒரு கிளையைக்கூட யாரும் வெட்டலையே," என்றாள் நிலக்ஷி. "வெறகுக்கு எங்க போறீங்க?"

"அந்தப் பக்கத்து மலைக்குங்க."

"அவ்வளவு தூரமா? எல்லாத் தோட்டத்துலயும் இப்படிக் காட்டைக் காப்பாத்தணும்னு அறிக்கையில எழுதப்போறேன். உங்க ஆளுங்களை எப்படிப் பழக்குனீங்க?"

"யாரும் பழக்கலைங்க மிஸ். பதினெட்டு வருஷத்துக்கு முன்ன மலை சரிஞ்சப்போ எங்க லயத்து வீடுங்க முழுசா மண்ணுக்குள்ள போயிருச்சு. ஆறு பேரைத்தான் எடுத்தாங்க. மத்தவங்கல்லாம் இங்கதான் இருக்காங்க, எம் மகளும். இந்த வெறகுல எப்படிங்க சோறாக்குறது?"