ஒன்பதாவது வரி

ஒரு கண்ணை அகற்றாமல் அதிலிருந்த புற்றுக்கட்டியை மட்டும் எடுத்த நாளிலிருந்து, தையல்கார அக்கா வருடம் தவறாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு வருகிறார். சுவரில் உள்ள எழுத்துப் பலகையில் எட்டு வரிகள்தான். நல்ல கண்ணைப் பொத்தினால் அவருக்கு மேல் வரிகள் இரண்டும் மங்கலாகத் தெரியும். அடியில் ஒன்பதாவதாக ஒரு வரி பளிச்சென்று தெரியும். பார்வையைச் சோதிக்கும் பரிசோதகர் அதையும் சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்வார்.

பத்தாம் வருடம் அக்கா பரிசோதகரிடம் கேட்டார்: “தம்பி, அந்தக் கடைசி வரியக் காணோமே, எங்க ஒளிச்சு வெச்சீங்க?”

டாக்டர் பார்த்துவிட்டு, “கட்டி எங்கயும் தலைகாட்டல. அன்னைக்குச் சீக்கிரமே வந்தீங்க, கண்ணு தப்பிச்சுது” என்றார். அக்கா வாயெல்லாம் பல்லாகக் கிளம்பினார்.

பரிசோதகர் விளையாட்டாகத் தன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பலகையைப் பார்த்தார். ஒன்பது வரிகள் இருந்தன. கண்ணை மாற்றிப் பொத்தினார், எட்டு.

டாக்டரைப் பார்க்க அடுத்த டோக்கனைத் தன் பெயருக்கே போட்டுக்கொண்டார்.