இரண்டாம் ஞாயிறு

குழந்தை இன்னும் வரவில்லை.

கோதை கைப்பையிலிருந்து இரண்டு சாக்லேட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். பையனுக்கு என்ன வயது என்று தெரியாது. எந்த வயதுக்கும் பிடிக்கும் என்று வாங்கியது.

எதிரே உட்கார்ந்திருந்த சம்பத்துக்கு அறுபது வயதிருக்கும். புதுப்பட்டினத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தார். மகனை எதிர்பார்க்கிறவர் வாசலைத்தானே பார்க்க வேண்டும். அவர் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோதையின் அப்பா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வக்கீல் ராஜகோபாலன் என்ற பலகை மட்டும் வாசலில் அப்படியே இருந்தது. கோதை சென்னை ஹைகோர்ட்டை விட்டுவிட்டுச் செங்கல்பட்டில் இந்த மாடி அறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

துக்கம் விசாரிக்க வந்த கட்சிக்காரர்களில் பாதிப் பேர், போகும்போது தங்கள் கேஸ் கட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

குமாஸ்தா மோசஸ்தான் சொன்னார். "ரெண்டாவது ஞாயித்துக்கெழம சம்பத்து வருவாரும்மா. கொழந்தைய பாக்குற கேஸு. ஐயா ஒரு மாசங்கூட வுட்டதில்ல."

பிரிந்துபோன தம்பதியின் பிள்ளையை, மாதம் ஒரு நாள் வக்கீல் ஆபீசில் வைத்துத் தகப்பன் பார்க்கலாம் என்று கோர்ட் உத்தரவு போடுவதுண்டு. அப்படி ஒன்று என்று கோதை புரிந்துகொண்டாள். இவரையாவது விட்டுவிடக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசைத் திறந்து, தானே பெருக்கி, காத்திருந்தாள்.

மாடிப்படியில் யாரும் ஏறவில்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. அப்பா போனபின் முதல்முறையாகத் தன்னை ஒரு வக்கீலாக உணர்ந்தாள்.

"அவங்க இப்படிச் செய்யக் கூடாது சார். நாளைக்கே மனு போட்டுடறேன். பையனை அனுப்பலைன்னா கோர்ட் அவமதிப்பு."

சம்பத் திரும்பினார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இன்னாத்துக்கும்மா மனு? இனியனுக்குத் தையில கல்யாணமே ஆயிடுச்சி. கோர்ட்டு இட்டாரச் சொன்னா பொண்டாட்டியும் கூடவே வந்து நிப்பா."

கோதை சாக்லேட்டுகளைப் பார்த்தாள்.

பையனுக்குப் பதினெட்டு வயது முடிந்ததும் உத்தரவு முடிந்தது. இனியன் வருவதும் நின்றது. அடுத்த மாதமும் பழக்கத்தில் சம்பத் பஸ் ஏறி வந்துவிட்டார். மாடிப்படியில்தான் நினைவு வந்தது. திரும்பிவிடலாம் என்று பார்த்தால் மேலே கதவு திறந்திருந்தது. உள்ளே ராஜகோபாலன் உட்கார்ந்திருந்தார்.

வாங்க, என்றார்.

அதற்கப்புறம் இவ்வளவு வருஷம். பேச்சு அதிகம் இல்லை. அவர் பேப்பர் படிப்பார். இவர் ஏரியைப் பார்ப்பார். எப்போதாவது பையனைப் பற்றி ஏதாவது காதில் விழுந்திருந்தால் அவர் சொல்வார். நேரமானதும் இருவரும் எழுந்துகொள்வார்கள்.

அந்த ஞாயிறுகளில் கோதை சென்னையில் தன் அறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வந்துவிட்டுப் போயேன் என்று அப்பா கேட்டதில்லை. வரட்டுமா என்று அவளும் கேட்டதில்லை.

"கல்யாணத்துக்குப் போனீங்களா சார்?"

"என்னைய எங்க கூப்புட்டாங்கம்மா? வக்கீல் சார்தான் போனாரு. மகாபலிபுரத்துல மண்டபம். மாப்ள வூட்டுக்காரங்க என்னைய பொண்ணு வூடுன்னு நெனப்பாங்க, பொண்ணு வூட்டுக்காரங்க மாப்ள வூடுன்னு நெனப்பாங்க, நான் பாட்டுக்குச் சாப்ட்டுட்டு வந்துடுவேன்யான்னாரு."

சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கல்யாணத்தன்னிக்கு மத்தியானம் போன் பண்ணேன். நேர்ல வாங்க, நிதானமா சொல்றேன்னாரு."

அன்று இரவே ராஜகோபாலன் தூக்கத்தில் போய்விட்டார்.

சம்பத் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். இதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"கல்யாணத்தப் பத்தி உங்களாண்ட ஏதாச்சும் சொன்னாராம்மா?"

கீழே ஸ்டேஷனில் ஒரு ரயில் வந்து நின்றது. கிளம்பிப் போனது.

"சொன்னார் சார்."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"பையன் உங்க ஜாடைதானாம். நிக்கறதுகூட உங்கள மாதிரியேதான் நின்னானாம். தாலி கட்டும்போது கை நடுங்கிச்சாம். பொண்ணு அதைப் பாத்துட்டுச் சிரிச்சாளாம்."

"நடுங்கிச்சா?" சம்பத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "எனக்கும் அப்படித்தாம்மா."

மருமகள் எப்படி என்று கேட்டார். சிரித்த முகம் என்றாள். கூட்டம் இருந்ததா என்று கேட்டார். மண்டபம் கொள்ளவில்லை என்றாள். கை நடுங்கியதை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னாள்.

சொல்லச் சொல்ல அவளுக்கே அந்த மண்டபம் தெரிந்தது. மேளம் கேட்டது. பந்தியின் கடைசியில், யாருக்கும் யாரென்று தெரியாதவராக, அப்பா இலைமுன் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது.

"நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லியிருக்காரு," என்றார் சம்பத். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பைத் தேடியபடி, "அடுத்த மாசம் வரலாமாம்மா? இல்ல, வேற வக்கீலப் பாத்துக்கட்டுமா?" என்றார்.

"வாங்க சார்."

அவர் படியிறங்கும் சத்தம் நின்ற பிறகும் கோதை எழுந்திருக்கவில்லை.

கல்யாணத்தன்று சாயங்காலம் அப்பா அவளுக்குப் போன் செய்திருந்தார். இரண்டு முறை.

அவள் எடுக்கவில்லை.