மகாராணியின் இடது கன்னம்

"அம்மா, கட்டியைக் காணோம்மா! போயே போச்சு!"

மகள் மேசையை விட்டு எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஒரு காலில் ஷூ, இன்னொரு காலில் சாக்ஸ் மட்டும். என் கையில் இருந்த காபி தளும்பியது.

நான் பெருமையில் பூரித்துப்போய் நின்றேன். படம் அப்படி. நான் எடுத்த படமாக்கும்.

அவள் மிருகக்காட்சி சாலையில் டாக்டர். அங்கே வயதான பெண் சிங்கம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் மகாராணி என்றுதான் கூப்பிடுவார்கள். மகாராணிக்கு இடது கன்னத்தில் ஒரு கட்டி. மூன்று வாரத்தில் மருந்துக்குக் கரையவில்லை என்றால் ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. அந்த வயசில் மயக்க மருந்து கொடுத்தால் திரும்ப எழுந்திருப்பாளோ மாட்டாளோ என்று மகள் மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஊசி போட்ட நாளிலிருந்து மகாராணிக்கு இவளைக் கண்டாலே ஆகாது. சட்டென்று முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வாள். அதனால்தான் மகள் என்னைப் பிடித்தாள். வாரம் ஒரு தடவை நான் படம் எடுத்து வர வேண்டும். அவள் பெரிதாக்கிப் பார்ப்பாள்.

முப்பத்தோரு வருஷம் ஸ்டுடியோ நடத்தியவள் நான். எத்தனை கல்யாணப் பெண்களை உட்கார வைத்து, முகத்தைத் திருப்பி, கம்ப்யூட்டரில் மெருகேற்றி அனுப்பியிருப்பேன்! சிங்கம் என்ன பெரிய சிங்கம் என்றுதான் போனேன்.

முதல் வாரம் மானம் போனது. பன்னிரண்டு படத்திலும் கம்பிவலைதான் பளிச்சென்று விழுந்திருந்தது. பின்னால் மங்கலாக, மஞ்சளாக ஏதோ ஒன்று. மகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இது சிங்கமாம்மா, சாக்கு மூட்டையா?" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலைக்காரர்கள் போகிற வழியில் வலைப் பக்கமே போய் உட்கார்ந்தேன். லென்ஸை வலையோடு ஒட்டி வைத்தால் கம்பி கரைந்து காணாமல் போகிறது. ஆனால் மகாராணி உள்ளே தள்ளிப் படுக்கும்வரை பொறுக்க வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் உதவாது. மண்டியிட்டு அவள் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும், ஃபோகஸைக் கண்ணுக்குத்தான் வைக்க வேண்டும். உச்சி வெயில் ஆகவே ஆகாது. சாய்வாக விழுகிற காலை வெயில்தான் மேடு பள்ளத்தை உள்ளபடி காட்டும். "இந்தப் பக்கம் திரும்புடி என் ராஜாத்தி" என்று கெஞ்சினால் கொட்டாவி விடுவாள். என் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

இரண்டாவது வாரம் பரவாயில்லை. மூன்றாவது வாரம், அதாவது நேற்று, மகாராணி தானாகவே இடது கன்னத்தை வெயிலுக்குக் காட்டி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு க்ளிக். மீசையை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மகள் இந்தக் குதி குதித்தாள். பெரிய டாக்டரிடம் சொல்லி ஆபரேஷனையும் நிறுத்துவாளாம், மருந்தையும் நிறுத்துவாளாம். போனை எடுத்துவிட்டாள். மணி அடிப்பது எனக்கே கேட்டது.

நான் இன்னொரு தடவை படத்தை எட்டிப் பார்த்தேன். கன்னம் வழவழவென்று இருந்தது. பூனைக்குட்டிக்குக்கூட அப்படி ஒரு கன்னம் இருக்காது.

ஐயோ!

நேற்று சாயங்காலம் கொஞ்சம் வெளிச்சம் கூட்டலாம் என்றுதான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். நடுவில் தங்கச்சி கூப்பிட்டாள். காது அவளிடம், கை மௌஸில். முகத்தில் மேடாக ஏதாவது தெரிந்தால் என் கை சும்மா இருக்காது, தேய்த்து அழித்துவிடும். முப்பத்தோரு வருஷப் பழக்கம்.

"வைடி போனை!"

நான் போட்ட சத்தத்தில் அவள் போனையே கீழே போட்டுவிட்டாள்.

விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். "சிங்கத்துக்கு மேக்கப் போட்டியாம்மா?"

நல்லவேளை, கேமராவில் ஒரிஜினல் இருந்தது. ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். கட்டி இருந்த இடத்திலேயேதான் இருந்தது. போன வாரப் படத்தைப் பக்கத்தில் வைத்து அளந்தாள். மறுபடியும் அளந்தாள். பாதியாகக் குறைந்திருந்தது! கத்தி வேண்டாம். மருந்து மட்டும் விடாமல் போக வேண்டும். நிறுத்தியிருந்தால் மறுபடி வீங்கியிருக்கும்.

பெரிய டாக்டரிடம் பேசி முடித்துவிட்டு மேசையில் கவிழ்ந்து படுத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். சுவர் முழுக்க அவள்தான். பல் விழுந்த சிரிப்பு, ஓட்டப்பந்தயக் கோப்பை, டாக்டர் பட்டம். எல்லாம் நான் எடுத்தவை.

"என்னோடது ஒண்ணாவது ஒரிஜினல் இருக்காம்மா?"

பிறந்ததிலிருந்தே அவள் இடது கன்னத்தில், காதோரம் தொடங்கித் தாடை வரைக்கும், திராட்சை நிறத்தில் ஒரு மச்சம் படர்ந்திருக்கிறது. சுவரில் இருக்கிற ஒரு படத்திலும் அது இல்லை.

ஒரிஜினல் எதுவும் என்னிடம் இல்லை. யாரும் என் பிள்ளையை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்றுதான் செய்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். வெட்கமாக இருந்தது.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒற்றை ஷூவோடு, இடது கன்னத்தை வெயிலுக்குக் காட்டி என்னைப் பார்த்தாள்.

மண்டியிட்டேன். கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தேன். ஒரே ஒரு க்ளிக்.

நல்ல படம். பொய் சொல்வானேன், மெருகேற்றக் கை அரிக்கத்தான் செய்தது. கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கி, அவள் பையிலேயே போட்டு வேலைக்கு அனுப்பிவிட்டேன்.